இருபத்தேழாம் எண்ணுக்கு இரண்டு வாசல்

9 ஜூன் 2004, புதன்

பேரனின் நெற்றி வந்து சேர்ந்தது. மற்றவை வரவில்லை.

சிங்கப்பூரிலிருந்து மகள் தீபா அனுப்பிய முதல் புகைப்படம். கணினித் திரையில் மேலிருந்து கீழாகத் தயங்கித் தயங்கி இறங்கியது. முதலில் மருத்துவமனைச் சுவர், பிறகு ஒரு பச்சைக் குல்லாய், பிறகு நெற்றி. புருவம் தொடங்கவேண்டிய இடத்தில் இணையம் அறுந்தது. திரையின் வலது மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம் எழுந்து, முகவரி மோதல் நிகழ்ந்துள்ளதாக ஆங்கிலத்தில் அறிவித்தது. யாருடைய முகவரி, யாரோடு மோதியது என்பதையெல்லாம் தெரிவிக்க அது கடமைப்பட்டதாகக் கருதவில்லை.

என் மனைவி ராமுத்தாய் அந்த நெற்றியின் முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். "எங்கப்பாரு நெத்தி அப்படியே" என்றாள். நெற்றிகளுக்கிடையில் அவ்வளவு வேறுபாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தலைப்பிரசவம் இங்கே நடந்திருக்க வேண்டும். தீபா விமானத்தில் ஏறக்கூடாதென்று மருத்துவர் தடுத்துவிட்டார். ராமுத்தாயின் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. ஆகவே சம்பந்தியம்மாள் அங்கே பேரனைக் குளிப்பாட்டுகிறார். இவள் இங்கே நெற்றி பார்க்கிறாள். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குக் குழந்தையைக் கேமராவில் நேராகக் காட்டுவதாகத் தீபா சொல்லியிருக்கிறாள். அதற்குள் இந்த முக்கோணத்தை ஒழித்தாக வேண்டும்.

10 ஜூன், வியாழன்

கேபிள் கருப்புசாமி வந்தார். தொலைக்காட்சிக் கம்பி போகும் கம்பங்களிலேயே நீல நிறத்தில் இன்னொரு கம்பியை இழுத்து எங்கள் தெருவுக்கு இணையம் கொண்டுவந்தவர் அவர்தான். கணினிப் பெட்டியைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சார், உள்ள ரெண்டு நெட்வொர்க் கார்டு கெடக்கு. ஒண்ணு போர்டோடயே வந்தது. இன்னொண்ணு போன ஐப்பசில இடி விழுந்தப்ப மாட்டுனது. ரெண்டும் ஒரே நம்பரக் கேட்டு மல்லுக்கட்டுது."

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. ஒரே எண் இரண்டுக்கு இருத்தல் ஆகாது. தமக்கு ஞாபகம் இருக்கவேண்டும் என்பதற்காகக் கருப்புசாமி அவரவர் கதவு எண்ணையே கடைசி எண்ணாகக் கொடுத்துவிடுகிறார். என் எண் 27.

"எந்த அட்டையைக் கழற்றுவது?"

"செத்ததக் கழட்டிருங்க சார்."

"எது செத்தது?"

"அது கழட்டிப் பாத்தாத்தேன் தெரியும். வடமதுர ரோட்டுல வயர் அந்து கெடக்குன்னு போன் வருது. போயிட்டு வாரேன்."

வரவில்லை. நான் முப்பதாண்டுகளாகக் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிப்பவன். ஒரு நிலப்பரப்பில் இரண்டு இறையாண்மைகள் நிலைக்க முடியாது என்பதை ஆண்டுதோறும் விளக்குகிறேன். என் மேசைக்கு அடியிலேயே அது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

12 ஜூன், சனி

நானே கழற்றினேன். முதலில் கழற்றியது ஒலி அட்டை என்பது பிறகு தெரிந்தது. அதை மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றினேன். அது உயிருள்ள அட்டை. அதையும் மாட்டினேன். கடைசியில், பலகையோடு பிறந்த அந்தச் செத்த அட்டையைக் கழற்றவே முடியாது, கணினிக்குள் சென்று முடக்கிவைக்கத்தான் முடியும் என்று கண்டறிந்து, முடக்கினேன். முக்கோணம் மறைந்தது.

பெட்டியை மூடியபோது ஒரு திருகாணி மிச்சமிருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதைத் தட்டில் வைத்திருக்கிறேன். ராமுத்தாய் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

13 ஜூன், ஞாயிறு

ராமுத்தாய் தீபாவின் கல்யாணத்தில் கட்டிய மாம்பழக் கலர் பட்டைக் கட்டி, பூ வைத்து, கேமராவுக்கு நேரே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "புள்ள மொதமொதல்ல பாக்குறப்ப நைட்டியிலயா பாக்கும்?" ஐந்து மணிக்குத் தீபாவின் பெயர் திரையில் ஒளிர்ந்தது. அழைப்பை ஏற்றேன். முக்கோணம்.

அணைத்தேன், போட்டேன். முக்கோணம். ஆறு மணிக்கு அவள் எழுந்து உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து, இரவுக்குத் தோசையா உப்புமாவா என்று கேட்டாள். அந்தக் குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

14 ஜூன், திங்கள்

கருப்புசாமிக்குத் தொலைபேசினேன். "திருவாளர் கருப்புசாமி அவர்களே" என்று தொடங்கினேன். கோபம் ஏறஏற என் பேச்சில் மரியாதையும் ஏறும் என்று ராமுத்தாய் சொல்வதுண்டு. அவரும் அதைக் கேள்விப்பட்டிருப்பார் போலும், உடனே வைத்துவிட்டார்.

16 ஜூன், புதன்

தெருவின் எதிர்ச்சாரி வீடுகளில் மட்டும் மின்சாரம் போயிற்று. அந்தச் சாரிக்கு வேறு ஃபேஸ், மின்கம்பியே தனி. எதிர்வீட்டுப் பாக்கியராஜ் பனியனோடு வாசலில் வந்து, காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு நின்றார். நான் மின்விசிறியை ஐந்தில் வைத்துச் சன்னலருகே அமர்ந்து பார்த்தேன். அருமையான மாலை. இணையமும் எவ்விதக் காரணமுமின்றி வேலை செய்தது. பேரனின் படம் கண்கள் வரை இறங்கியது. பிறகு எதிர்ச்சாரியில் விளக்கு எரிந்தது, பாக்கியராஜ் உள்ளே போனார், முக்கோணம் வந்தது.

காரணம் தெரியாமல் கிடைப்பதை நான் வெற்றியாகக் கணக்கில் கொள்வதில்லை.

20 ஜூன், ஞாயிறு

மீண்டும் பட்டு. தீபாவின் குரல் கேட்டது: "அம்மா, இங்க பாரு, யாருன்னு—" அம்புட்டுத்தான்.

அம்புட்டுத்தான் என்று எழுதியிருக்கிறேன். சரி, இருக்கட்டும்.

22 ஜூன், செவ்வாய்

புதிய நெட்வொர்க் அட்டை மாட்டினேன். முக்கோணம். கம்பியை மாற்றினேன். முக்கோணம். ராமுத்தாய் பீர்க்கங்காய் சீவிக்கொண்டே சொன்னாள்:

"என்னங்க, எதிர்ச்சாரில கரண்டு போனா நம்ம வீட்டுல நெட்டு வருது."

எதிர்வீட்டுப் பூனை குறுக்கே போனாலும் வரும் என்று எழுதிவைத்துக்கொள் என்றேன்.

"நீங்க படிச்சவுக. நான் சொன்னா எங்க ஏறப்போகுது."

பாக்கியராஜின் பெயரை இந்த நாட்குறிப்பில் எழுதியாகிவிட்டது. ஆகவே காரணத்தையும் எழுதிவிடுகிறேன். அவர் மோட்டார் பம்பு கடை வைத்திருப்பவர். அவரோடு நான் பேசி நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

தெருவின் கதவு எண்களை மாற்றியபோது என் வீடு 27 ஆனது. அதற்கு முன் 27 ஆக இருந்த அவர் வீடு 41 ஆனது. எல்லோரும் புதிய தகட்டை அடித்துக்கொண்டார்கள். அவரும் அடித்தார் — தீப்பெட்டி அளவில், கேட்டுக்குப் பின்புறம். வாசல் தூணில் சிவப்புப் பெயிண்டில் முறத்தளவு 27 அப்படியே நின்றது. அந்தத் தை மாதம் வடமதுரையிலிருந்து தீபாவைப் பெண் பார்க்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். 27 என்று பார்த்து அவர் வீட்டில் ஏறினார்கள். அவரும் வாங்க வாங்க என்று உட்காரவைத்து, காப்பி, மிக்சர், முறுக்கு எல்லாம் கொடுத்தார். உண்டு முடித்து, "பொண்ண வரச் சொல்லுங்க" என்றிருக்கிறார்கள். "நமக்குப் பொண்ணு கெடையாது, ஒரே பயதேன்" என்றிருக்கிறார். கேலி செய்கிறார் என்று வெகுண்டு, வந்தவர்கள் வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் இங்கே வாசலில் கோலம் போட்டு, அண்டா நிறையக் கேசரி கிண்டிவைத்துக் காத்திருந்தோம். அந்தக் கேசரியை நாங்கள் தின்று தீர்க்க அடுத்த செவ்வாய் ஆயிற்று.

தீபாவுக்குப் பின்னர் நல்ல இடத்தில்தான் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை முத்துக்கிருஷ்ணன் தங்கமானவர். பிரச்சினை அதுவல்ல. பிரச்சினை அந்தத் தூண்.

24 ஜூன், வியாழன்

எதிர்ச்சாரியில் மின்சாரம் இல்லை. இணையம் வருகிறது.

பிற்பகல்: எதிர்ச்சாரியில் மின்சாரம் வந்தது. இணையம் போயிற்று.

மாலை: மீண்டும் போனது. மீண்டும் வந்தது. இது பூனை அல்ல.

25 ஜூன், வெள்ளி

கருப்புசாமியைத் தெருமுனையில், கம்பத்தின் மேல் பிடித்தேன். கீழிருந்தே கேட்டேன்.

"எதிர்வீட்டில் இணையம் உண்டா?"

"இருக்கே சார். அவுக பையன் அய்யனார் சார்ஜாவுல இருக்காப்ல. அவரோட பேச வாங்குனாக."

"அவருக்கு என்ன எண் கொடுத்தீர்கள்?"

"தூண்ல போட்டிருக்க நம்பருதேன்."

அவர் என் வீட்டுத் தகட்டைத் திரும்பிப் பார்த்தார், தூணைப் பார்த்தார், இறங்காமலே இருந்தார்.

ஆக, என் பெட்டிக்குள் நடந்த போரை நான் நிறுத்தியது உண்மைதான். தெருவின் குறுக்கே இன்னொன்று நடந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டு கணினிகளும் விழித்திருந்தால் எவருக்கும் நிம்மதியில்லை; ஒன்று உறங்கினால்தான் மற்றதற்கு வழி. நான்காண்டுகளாக அந்த மனிதர் என் எண்ணைச் சுவரில் வைத்திருந்தது போதாதென்று, கம்பிக்குள்ளும் வைத்திருக்கிறார்.

ராமுத்தாயிடம் சொன்னேன். "நான் சொன்னப்ப பூனைன்னீக" என்றாள்.

26 ஜூன், சனி

கருப்புசாமி தூது போய்வந்தார். பாக்கியராஜ் சொன்னதாக அவர் சொன்னது: "முப்பது வருசமா நான் இருவத்தேழு. எங்கப்பா வச்ச தூணு. கம்ப்யூட்டருக்காக வீட்ட மாத்துவாகளா?"

எண்ணை மாற்றவேண்டியவர் சட்டப்படி 41 ஆகிவிட்டவர்தான் என்று நான் சொல்லியனுப்பினேன்.

"சார், நீங்க மாத்திக்கங்களேன். நூத்தி இருவத்தேழுன்னு ஒரு நம்பரு சும்மா கெடக்கு. பெரிய நம்பரு. அந்தஸ்தா இருக்கும்."

திருவாளர் கருப்புசாமி அவர்களே, தாங்கள் செல்லலாம் என்றேன்.

27 ஜூன், ஞாயிறு

இரண்டு கணினிகளும் நாள் முழுவதும் ஓடின. எவருக்கும் எதுவும் வரவில்லை. நான்கரை மணிக்கு எதிர்ச்சாரியில் மின்சாரம் போனது. ராமுத்தாய் பட்டு கட்ட ஓடினாள். நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். முக்கோணம் அசையவில்லை. சன்னல் வழியே பார்த்தால் — எதிர்ச்சாரி வீடுகளின் உள்ளெல்லாம் இருண்டு கிடக்க, அவர் வீட்டுக் கணினித் திரை மட்டும் நீலமாக எரிகிறது. யுபிஎஸ் வாங்கியிருக்கிறார்.

போங்கய்யா, நீங்களும் உங்க யுபிஎஸ்ஸும்.

மேலுள்ள வரியை அடித்துவிடலாம். ஆனால் அதில் தவறு எதுவும் தென்படவில்லை.

28 ஜூன், திங்கள்

நானும் யுபிஎஸ் வாங்கினேன். அவருடையதைவிடப் பெரியது. அதனால் என்ன பயன் என்று ராமுத்தாய் கேட்டாள். எங்கள் சாரியில் மின்சாரம் போனாலும் இனி அவருக்கு இணையம் வராது.

"நமக்கு?"

நமக்கும் வராது.

அவள் கேட்டாள்: "உங்களுக்கு நம்பரு வேணுமா, பேரன் வேணுமா?"

கேள்வியே தவறாகக் கட்டப்பட்டிருக்கிறது என்றேன். அவள் போய்விட்டாள். சரியாகக் கட்டினால் அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று மாலை வரை யோசித்தேன். அப்படியேதான் இருக்கும் போலிருக்கிறது.

1 ஜூலை, வியாழன்

ராமுத்தாய் இணையத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். படத்தில் நெற்றிக்கும் கண்ணுக்கும் கீழே வெறும் சாம்பல் நிறம். மூக்கு யாருடையது என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டுமாம். போனில் தீபாவிடம் கேட்டதற்கு, "மூக்கு மாதிரிதாம்மா இருக்கு" என்றாளாம்.

4 ஜூலை, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாலே முக்காலுக்குக் கணினி முன் அமர்ந்தேன். முக்கோணம் இருந்தது. ஐந்தாகியும் ராமுத்தாய் வரவில்லை. பீரோ திறந்து கிடந்தது. மாம்பழக் கலர் பட்டு இல்லை.

அப்போது எதிர்வீட்டிலிருந்து என் மகளின் குரல் வந்தது. பாக்கியராஜின் ஸ்பீக்கர்கள் மோட்டார் பம்பு கடை விளம்பரத்துக்கு வாங்கியவை, தெருவே கேட்டது. "அம்மா... தெரி... கண்ணு தொற... பா..." — துண்டு துண்டாக. பிறகு ராமுத்தாயின் குரல், அவர்கள் வீட்டுச் சன்னலிலிருந்து, தெருவைத் தாண்டி:

"என்னங்க. அந்தப் பொட்டிய அணைங்க."

நான் அசையவில்லை.

"புள்ள முகம் கட்டம் கட்டமா வருதுங்க. செத்த நேரம் அணைங்க."

அடுத்த வீட்டுக் குர்ஷித் பேகம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர், எடுப்பதை நிறுத்திவிட்டார். மொத்தத் தெருவும் என் விரலுக்காகக் காத்திருந்தது. அணைத்தால் 27 அவருக்கு, அந்தத் தூணுக்கு, காப்பியும் மிக்சரும் கொடுத்து என் சம்பந்தத்தைத் திருப்பியனுப்பியவருக்கு. என் எண் சட்டப்படி என்னுடையது. இதில் எனக்கு இன்றளவும் ஐயமில்லை.

அணைத்தேன். யுபிஎஸ் கூக்குரலிட்டது, அதையும் அணைத்தேன்.

எதிரே பேச்சு சீரானது. ராமுத்தாய் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததிலிருந்து முகம் வந்துவிட்டதென்று தெரிந்தது. பிறகு தீபா, தெருவே அதிரும்படி: "அப்பா எங்கம்மா?"

"வீட்டுல உக்காந்திருக்காரு. வருவாரு."

அந்த 'வருவாரு' என்ற சொல்லை அவள் எந்த ஆதாரத்தின் அடிப்படையில் சொன்னாள் என்று இன்னும் கேட்கவில்லை. நான் சட்டை மாற்றிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

பாக்கியராஜ் வாசலிலேயே நின்றார். "வாங்க சார். செருப்பு அங்ஙனயே கெடக்கட்டும்." அவருடைய மனைவி சகாயசெல்வி ஒரு தட்டை நீட்டினார்: மிக்சர், முறுக்கு, காப்பி. நான் கணினியைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். "மொதல்ல சாப்புடுங்க சார். பெறகு பேசலாம்." நின்றபடியே முறுக்கைக் கடித்தேன். வடமதுரைக்காரர்கள் ஏன் முழுவதும் உண்டுவிட்டுத்தான் பெண்ணைக் கேட்டார்கள் என்பது புரிந்தது. நல்ல முறுக்கு.

திரையில் பேரன். கொட்டாவி விட்டான். மூக்கு சப்பை. ராமுத்தாய் அதைத் தன் தகப்பனார் மூக்கு என்றாள். பாக்கியராஜ் குனிந்து பார்த்துவிட்டு, "இல்லம்மா. அது சார் மூக்குதேன். கோவத்துல வெடச்சுக்கிட்டு இருக்கு பாருங்க" என்றார். தீபா சிங்கப்பூரில் சிரித்தாள். அதுவும் தெருவுக்குக் கேட்டது.

திரும்பும்போது கேட்டுவிட்டேன். நான்காண்டுகளாக நாக்கில் வைத்திருந்த வாக்கியம். "வேன் நிறைய முன்பின் தெரியாதவர்கள் இறங்கியபோது, என்ன விஷயம் என்று ஏன் கேட்கவில்லை?"

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "வீட்டுக்கு வந்தவுகள, வாயி நனைக்கிறதுக்கு முன்னாடி எதுக்கு வந்தீகன்னு கேப்பாகளா சார்?"

இதற்கு மறுமொழி இருக்கிறது. இன்னும் தோன்றவில்லை.

வேறொன்றும் சொன்னார். ஒரு மாதமாகச் சார்ஜாவிலிருந்து அய்யனாரின் பேச்சு இழுத்து இழுத்து, குழறிக் குழறி வந்ததாம். "பய தண்ணியப் போட ஆரம்பிச்சுட்டானோன்னு ரெண்டு வாரமா இவ அழுதுக்கிட்டு கெடக்கா சார். வெள்ளக்கெழம உபவாசம் வேற. நம்பருதேன் காரணம்னு கருப்புசாமி சொல்லியும் நான் நம்பல." சகாயசெல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

5 ஜூலை, திங்கள்

மூக்கு குறித்துப் பாக்கியராஜ் கூறியது ஆதாரமற்றது. கண்ணாடியில் பார்த்தேன்.

இன்னொரு செய்தியும் வெளியாயிற்று. நான் நான்காண்டுகளாகப் புகழ்ந்து சாப்பிட்டுவரும் கருணைக்கிழங்கு மசியல் எங்கள் அடுப்பில் வெந்ததே இல்லை. ராமுத்தாயும் சகாயசெல்வியும் ஒரு நாளும் பேச்சை நிறுத்தவில்லையாம். பின்வாசல் வழியாக வெஞ்சனக் கிண்ணம் போய்வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் போர் நடத்திக்கொண்டிருந்ததாக நினைத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வணிகம் நடந்திருக்கிறது.

8 ஜூலை, வியாழன்

யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், என் கணினியின் எண்ணை 127 என்று மாற்றினேன். இது விட்டுக்கொடுத்தல் அல்ல. பெரிய எண்.

9 ஜூலை, வெள்ளி

முக்கோணம்.

10 ஜூலை, சனி

கருப்புசாமி என்னைக் கண்டதும் கம்பத்தில் ஏறப் பார்த்தார். பிடித்துக்கொண்டேன்.

"அவரு புதன்கெழமையே கூப்புட்டாரு சார். சாருக்கு இருவத்தேழ விட்டுருவோம், வேற நம்பர் குடுன்னாரு. என்கிட்ட அந்த நூத்தி இருவத்தேழுதேன் கெடந்துச்சு. நீங்க வேண்டாம்னு சொன்னீகல்ல."

ஆகவே இப்போது 27 என்ற எண் இந்தத் தெருவில் எவருக்கும் இல்லை. 127-க்கு நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

"திங்கக்கெழம வந்து ஒருத்தருக்கு மாத்திவிட்டுருறேன் சார். யாருக்கு மாத்தட்டும்?"

பார்க்கலாம் என்றேன்.

11 ஜூலை, ஞாயிறு

ஐந்து மணிக்கு என் பெட்டியை அணைத்துவிட்டுத் தெருவைக் கடந்தோம். இம்முறை யாரும் சன்னலிலிருந்து கூப்பிடவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குவதைப் பார்த்தோம். ஆறு மணிக்கு அய்யனார் சார்ஜாவிலிருந்து திரையில் வந்தார்; தெளிவாகப் பேசினார். குடிக்கவில்லை என்று அனைவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

12 ஜூலை, திங்கள்

கருப்புசாமி வந்து, யாருக்கு மாற்றட்டும் என்று மீண்டும் கேட்டார். அவசரமில்லை, இது நிதானமாக ஆராயவேண்டிய விஷயம் என்று சொல்லி அனுப்பினேன். எதிர்வீட்டிலும் அதையே சொன்னார்களாம்.

15 ஆகஸ்ட், ஞாயிறு

கல்லூரியில் கொடியேற்றம். மிட்டாய் சுமார்.

ராமுத்தாயின் பாஸ்போர்ட் வந்துவிட்டது, ஐப்பசியில் புறப்படுகிறாள். மிச்சமிருந்த திருகாணியின் இடம் இன்னும் தெரியவில்லை.

நாலரை மணிக்கு எதிர்ச்சாரியில் மின்சாரம் போயிற்று. அவருடைய யுபிஎஸ் எப்போது பழுதானது என்று தெரியவில்லை, சரிசெய்யவும் இல்லை. பாக்கியராஜும் சகாயசெல்வியும் வெயிலில் தெருவைக் கடந்து வருவதைச் சன்னல் வழியே கண்டேன். கணினி ஏற்கெனவே போட்டிருந்தது. நாற்காலிகளும் போட்டிருந்தன.

ராமுத்தாய் கேசரி கொண்டுவந்தாள். அவர்கள் சாப்பிட்டுத் தட்டைக் கீழே வைக்கும் வரையில், என்ன விஷயமாக வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.